பாங்காக்கிலிருந்து ரயிலும் படகும்: மகாச்சாய் மீன் சந்தைக்கு ஒரு நாள்

கேள்வி இதுதான்: "பாங்காக்கில் நான்கு நாள் இருக்கப் போகிறோம். அம்மா, அப்பா, பத்து வயதுப் பையன் எல்லாரும் வருகிறார்கள். டூர் வண்டி வேண்டாம். உள்ளூர் ரயிலிலும் படகிலும் போய் ஒரு மீன் சந்தையைப் பார்த்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா? தண்டவாளத்தின் மேலேயே கடை போட்டிருக்கும் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான்."

தாராளமாக முடியும். பாங்காக்கில் வேலை பார்த்த ஆறு வருடத்தில் இந்தப் பாதையில் நான் பல தடவை போயிருக்கிறேன். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது இங்கேதான். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு சந்தைகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொன்னால்தான் நாளைச் சரியாக வகுக்க முடியும்.

பையன் வீடியோவில் பார்த்த சந்தை மேக்லாங் என்ற ஊரில் இருக்கிறது. அதற்குப் போகும் வழியில், ஏறக்குறைய பாதித் தூரத்தில், மகாச்சாய் என்று ஒரு மீன்பிடித் துறைமுகம் உண்டு. பெரும்பாலானவர்கள் மகாச்சாயில் இறங்கி, படகுத்துறை எங்கே என்று விசாரித்து, ஓட்டமும் நடையுமாகக் கடந்து போய்விடுவார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். மீன் சந்தைதான் வேண்டும் என்றால் அது மகாச்சாய்தான். மேக்லாங்கையும் பார்க்கலாம், ஆனால் நாளின் நல்ல பகுதியை மகாச்சாய்க்கு ஒதுக்குங்கள்.

இந்த ரயில் பாதையின் அமைப்பே விசித்திரமானது. சயாம் என்று நாடு அழைக்கப்பட்ட காலத்தில், 1901-ல் உரிமம் வாங்கிய ஒரு தனியார் கம்பெனி, பாங்காக்கின் மேற்குக் கரையான தோன்புரியிலிருந்து மகாச்சாய் வரை தண்டவாளம் போட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பான் லேம் என்ற இடத்திலிருந்து மேக்லாங் வரை இன்னொரு கம்பெனி போட்டது. நடுவில் தா சின் ஆறு. அதன் மேல் ரயில் பாலம் கட்டவே இல்லை. பிறகு இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின, அப்புறம் அரசின் கைக்கு வந்தன, தாய்லாந்து அரசு ரயில்வேயில் சேர்ந்தன. ஆனாலும் இன்றுவரை ஒரு வண்டியை விட்டு இறங்கி, படகேறி, அக்கரையில் அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான். முதல் துண்டு சுமார் 31 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 34. இரண்டுமே நாட்டின் மற்ற ரயில் பாதைகள் எதனோடும் இணையாதவை.

இதை ஏன் போட்டார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆட்களை ஏற்றிச் செல்வதைவிட மீனை ஏற்றிச் செல்வதுதான் நோக்கம். விடியற்காலையில் படகு கொண்டுவந்த மீன், வெயில் ஏறுவதற்குள் தலைநகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக அன்றைய தண்டவாளம் சாவோ பிரயா ஆற்றங்கரையில் கிளாங் சான் வரைக்கும் நீண்டிருந்தது. 1961-ல் அந்தக் கடைசித் துண்டை எடுத்துவிட்டு ரயிலை வோங்வியன் யாய் நிலையத்தோடு நிறுத்தினார்கள். எடுத்த இடம் இப்போது சாலை. மீன் லாரிக்கு மாறிவிட்டது, ஆனாலும் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, கிளம்புவோம். வோங்வியன் யாய் என்றால் பெரிய ரவுண்டானா என்று பொருள். நடுவில் குதிரை மேல் தக்சின் மன்னர் சிலை இருக்கும். அதே பெயரில் மெட்ரோ போல மேலே ஓடும் பிடிஎஸ் நிலையமும் இருக்கிறது. அங்கே இறங்கி பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பழைய ரயில் நிலையம். சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் அறை எடுக்கும் நம்மவர்கள் நிறைய. அங்கே தங்கினால் பக்கத்து சுரசக் நிலையத்தில் ஏறி மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். ரயில் நிலையத்தைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். பெரிய முகப்பு எதுவும் கிடையாது. துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி தெரியும். உள்ளே போனால் நடைமேடை. "ரோட்ஃபை மகாச்சாய்?" என்று கேளுங்கள், யாராவது கை காட்டிவிடுவார்கள். ரோட்ஃபை என்றால் ரயில்.

டிக்கெட் 10 பாட். முன்பதிவெல்லாம் கிடையாது, ஜன்னலில் காசு கொடுத்தால் சீட்டு. மின்விசிறி ஓடும் மூன்றாம் வகுப்புப் பெட்டி, திறந்த ஜன்னல், ஒரு மணி நேரப் பயணம். காலையிலிருந்து ஏறத்தாழ மணிக்கு ஒரு வண்டி உண்டு. நீங்கள் காலை 7:40-ஐ ஒட்டிக் கிளம்பும் வண்டியைப் பிடியுங்கள். ஏன் அந்த நேரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதல் நாளே நிலையத்துப் பலகையில் நேரத்தைப் பார்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

முதல் நிறுத்தம் தலாட் பிளூ. தலாட் சந்தை, பிளூ வெற்றிலை. வெற்றிலைச் சந்தை என்ற பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். அதற்கப்புறம் கொஞ்ச தூரத்துக்கு வீடுகளின் பின்பக்கம் ஜன்னலை உரசுகிற மாதிரி வரும். காயப்போட்ட துணி, கொல்லையில் பாத்திரம் கழுவுகிறவர்கள், வாய்க்காலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகள். பையன் கையை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செடிகொடி அவ்வளவு நெருக்கமாக இருக்கும். பாதி வழிக்கு மேல் நகரம் விலகி, தென்னையும் சதுப்புமாக மாறும். காற்றில் உப்பு வாசனை வரும்போது மகாச்சாய் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

வழியில் பையனுக்குச் சொல்ல ஒரு கதை. அயுத்தயா தலைநகராக இருந்த காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவா என்ற மன்னர் இருந்தார். சுவா என்றால் புலி. அவருடைய படகுக்குச் சுக்கான் பிடித்தவர் பந்தாய் நோரசிங். கோக் காம் வாய்க்காலில் ஒரு கடுமையான வளைவில் படகின் மூக்கு மரக்கிளையில் மோதி உடைந்துபோனது. அரச படகின் மூக்கு உடைந்தால் சுக்கான் பிடித்தவருக்குத் தலை போகும் என்பது அன்றைய சட்டம். மன்னர் மன்னித்துவிட்டார். பந்தாய் நோரசிங்கோ, எனக்காகச் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு யாரும் மதிக்க மாட்டார்கள் என்று சொல்லித் தண்டனையைக் கேட்டு வாங்கினார். வேறு வழியில்லாமல் மன்னர் நிறைவேற்றினார், அவருக்கு அங்கே ஒரு கோயிலும் எழுப்பினார். வளைவே இல்லாத நேரான வாய்க்கால் ஒன்றைத் தோண்டவும் உத்தரவிட்டார். அதுதான் மகாச்சாய் வாய்க்கால், அடுத்த மன்னர் காலத்தில் வேலை முடிந்தது. இந்த ஊரை எல்லாரும் மகாச்சாய் என்று கூப்பிடுவது அதனால்தான். மகாஜயம், பெருவெற்றி என்று பொருள். அரசுப் பெயர் சமுத் சாக்கோன். நம் காதில் விழும்போதே புரிகிறது, சமுத்திர சாகரம். மேக்லாங்கின் மாநிலம் சமுத் சோங்க்ராம், சமுத்திர சங்கிராமம். இரண்டுமே வடமொழியிலிருந்து போன பெயர்கள்.

மகாச்சாய் நிலையத்தில் ரயில் நிற்கும்போதே சந்தைக்குள் நின்றுவிடும். வெளியே வந்தால் இரண்டு பக்கமும் மீன். கால்போன போக்கில் ஆற்றைப் பார்த்து நடங்கள். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போட்டுவாருங்கள், வயதானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

முதலில் கண்ணில் படுவது இறால். சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு பிரித்துக் குவித்திருப்பார்கள். அப்புறம் நீலக்கால் நண்டு, கயிறு கட்டிய சேற்று நண்டு, கணவாய், பச்சை ஓட்டு ஆளி, ரத்தச் சிவப்பில் சாறு விடும் மட்டி. மீனில் கொடுவாவையும் வௌவாலையும் வஞ்சிரத்தையும் நெத்திலியையும் பார்த்த உடனேயே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். தாய் மொழியில் பிளா மீன், குங் இறால், பூ நண்டு, ஹொய் ஓட்டுக்குள் இருப்பது எல்லாம், பிளா முக் கணவாய். பிளா முக் என்றால் மை மீன். இந்த ஐந்து சொல் போதும், சந்தை முழுக்கச் சுற்றலாம். விலை கேட்க "தாவ் ராய்".

ஒரு விஷயம் கவனியுங்கள். விலைப் பலகையில் கிலோ விலை இருக்கும், சில கடைகளில் 'கீட்' விலை இருக்கும். ஒரு கீட் என்பது 100 கிராம். கருவாடு, காய்ந்த இறால், காய்ந்த கணவாய் எல்லாம் பெரும்பாலும் கீட் கணக்கில்தான். இது தெரியாமல், பரவாயில்லையே, கிலோ இவ்வளவு மலிவா என்று என்னோடு வந்த ஒருவர் மூன்று விரலைக் காட்டிக் காய்ந்த கணவாய் கேட்டார். கடைக்கார அம்மா புரிந்துகொண்டு, தராசில் 300 கிராமை வைத்துக் காட்டி, கீட் கீட் என்று விளக்கினார். நல்ல மனுஷி. நீங்கள் முன்னாலேயே தெரிந்துகொண்டு போங்கள்.

இந்தச் சந்தையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், மீனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வர எனக்கு மனம் ஒப்பாது. இறால் தோல் உரிக்கிறவர்கள், ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள், மீனை வகை பிரிக்கிறவர்கள் பலருடைய கன்னத்தில் சந்தன நிறத்தில் பூச்சு இருக்கும். அது தனக்கா, பர்மாக்காரர்கள் பூசுவது. கடைப் பலகைகளில் வட்டம் வட்டமாகப் பர்மிய எழுத்து இருக்கும். தாய்லாந்தின் கடல் உணவுத் தொழிலே இவர்கள் கையில்தான் நடக்கிறது. 2012-ல் ஆங் சான் சூ கீ பல வருடம் கழித்து முதல்முறை வெளிநாடு வந்தபோது நேராகச் சந்திக்க வந்தது மகாச்சாயில் இருந்த இந்தத் தொழிலாளர்களைத்தான். 2015-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள், மீன்பிடிப் படகுகளிலும் இங்கேயிருந்த இறால் உரிக்கும் கொட்டகைகளிலும் ஆட்களை அடிமைபோல் அடைத்து வைத்து வேலை வாங்கியதை வெளிக்கொண்டு வந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே 2015-ல் கட்டுப்பாடில்லாத மீன்பிடிப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை காட்டியது, 2019-ல்தான் விலக்கிக்கொண்டது.

2020 டிசம்பரில் இந்த ஊரின் மொத்த வியாபார இறால் சந்தையிலிருந்துதான் தாய்லாந்தின் இரண்டாவது கொரோனா அலை தொடங்கியது. இறால் விற்ற ஒரு பாட்டிக்கு முதலில் தெரிந்தது, இரண்டு மூன்று நாளில் ஐந்நூறு பேருக்கு மேல். சந்தையையும் சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்பையும் கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே. அந்தச் சமயத்தில் பழி முழுக்க அவர்கள் மேல்தான் விழுந்தது, டாக்ஸிக்காரர்கூட ஏற்ற மாட்டேன் என்றார் என்று ஒரு பர்மியப் பெண் என்னிடம் சொன்னாள். அவள் பேசிக்கொண்டே இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை ஒரு திருகு, முதுகில் நகத்தால் ஒரு கீறல், வால் பக்கம் ஒரு அழுத்து. மூன்று அசைவு, ஒரு இறால் பாத்திரத்தில். விரல் நுனிகள் நீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தன. நீங்கள் போட்டோ எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் சிலர், விட்டுவிடுங்கள்.

சாப்பாடு. படகுத்துறையை ஒட்டியும் ஆற்றங்கரையிலும் உணவகங்கள் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் தட்டு இது: எலுமிச்சைச் சாறும் பூண்டும் போட்டு ஆவியில் வேகவைத்த கொடுவா, 'பிளா கபோங் நுங் மனாவ்' என்று கேளுங்கள். சேமியா மாதிரி கண்ணாடி நூடுல்ஸோடு சட்டியில் வெந்த இறால், 'குங் ஓப் வுன்சென்'. காரம் கம்மி, பையன் சாப்பிடுவான். அப்புறம் 'பூ பட் போங் கரி'. பூ நண்டு, பட் வதக்கியது, போங் பொடி, கரி நம் கறியேதான். கறித்தூளும் முட்டையும் போட்டு வதக்கிய நண்டு. அப்பாவுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். சாதம் தனியாக வாங்குங்கள், பூ பட் போங் கரி குழம்பைச் சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். கூட வரும் பச்சைச் சாறு 'நாம் சிம்', எலுமிச்சை, பச்சை மிளகாய், பூண்டு, மீன் சாறு சேர்த்து அரைத்தது. நம் நாக்குக்கே உறைக்கும், தொட்டுப் பாருங்கள் முதலில்.

இரண்டு எச்சரிக்கை. மட்டியை இங்கே அரை வேக்காட்டில்தான் விரும்புவார்கள். பயணத்தில் இருப்பவர்களுக்கு வேண்டாம், "சுக் சுக்" என்று சொன்னால் நன்றாக வேகவைத்துத் தருவார்கள். இன்னொன்று, கவிழ்த்த சட்டி மாதிரியான ஓடும் நீள வாலும் உள்ள குதிரைலாட நண்டு. அதன் முட்டையைச் சாலடாகக் கொடுப்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு, ஒரு வகையில் கொடிய நஞ்சு இருக்கும் காலம் உண்டு, சமைத்தாலும் போகாது. தாய்லாந்திலேயே உயிர் போயிருக்கிறது. வேடிக்கை பாருங்கள், சாப்பிட வேண்டாம். யாராவது சைவமாக இருந்தால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடையைத் தேடுங்கள். மற்ற கடைகளில் காய்கறியிலும் மீன் சாறு இருக்கும்.

சந்தைத் தெருவின் முடிவில் மணிக்கூண்டு, அதை ஒட்டிப் படகுத்துறை. சில பாட் சில்லறைதான் கட்டணம், கையில் நாணயம் வைத்திருங்கள். அகலமான மரப் படகு. ஆட்கள், சைக்கிள், மோட்டார் பைக் எல்லாம் ஒன்றாக ஏறும். பைக்காரர்கள் இறங்கக்கூட மாட்டார்கள், இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள், அக்கரை வந்ததும் முடுக்கிக்கொண்டு போவார்கள். முதலில் அவர்கள் இறங்கட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள். ஆறு கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் துறைமுகம் முழுசாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டிய பெரிய விசைப்படகுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வலையைக் குவித்துப் போட்டபடி நிற்கும். முன் மூக்கில் வண்ணத் துணி கட்டியிருப்பார்கள், படகில் குடியிருக்கும் தெய்வத்துக்கு.

அக்கரை தா சலோம். சின்ன ஊர்தான், ஆனால் தாய்லாந்து உள்ளாட்சி வரலாற்றில் முதல் பெயர் இதுதான். இந்தப் பக்கத்தின் மீன் சந்தை ஒரு காலத்தில் அவ்வளவு அழுக்காக இருந்ததாம். ஐந்தாம் ராமா, அதாவது சுலாலங்கோர்ன் மன்னர், இன்னோர் இடத்து அழுக்கைக் கண்டிக்கும்போது "தா சின் சந்தை மாதிரி அழுக்கு" என்று சொன்னார். அது ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்று பட்டது. கடைக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் பணம் திரட்டித் தெருவைச் செங்கல் போட்டுச் சரிசெய்தார்கள். மன்னர் மகிழ்ந்து, 1906 மார்ச் 18-ல் தலைநகருக்கு வெளியே நாட்டின் முதல் சுகாதார வட்டமாக தா சலோமை அறிவித்தார். நம் ஊர்ப் பேரூராட்சி மாதிரி. வரி வசூலித்து, அதில் தெருவைக் கூட்டி, விளக்குப் போடுவது அவர்கள் பொறுப்பு. மார்ச் 18-ஐ இன்றும் தாய்லாந்து உள்ளாட்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். மீன் நாற்றத்தில் பிறந்த ஓர் ஆட்சி முறை என்று நினைத்தால் எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கும். வெயில் ஏறாமல் இருந்தால் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து சோங் லோம் கோயில் வரை போகலாம், ஆற்றைப் பார்த்து நிற்கும் பெரிய குவான் யின் சிலை அங்கே இருக்கிறது, சீனர்களின் கருணைத் தெய்வம். கடலுக்குப் போகும் படகுகள் அவளைக் கடந்துதான் போகும்.

இப்போது நேரக் கணக்கு. பான் லேமிலிருந்து மேக்லாங்குக்கு ஒரு நாளைக்கு நான்கே வண்டிதான்: காலை 7:30, 10:10, மதியம் 1:30, மாலை 4:40. தவறவிட்டால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். படகுத்துறையிலிருந்து நிலையத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. அதனால்தான் 7:40 வண்டியைச் சொன்னேன். எட்டே முக்கால் வாக்கில் மகாச்சாய், முக்கால் மணி நேரம் சந்தை, ஒன்பதரைக்குப் படகு, 10:10-க்கு நிம்மதியாக வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள். சந்தைக்கு நேரம் போதாதே என்று தோன்றும். கவலை வேண்டாம், மாலையில் மறுபடி இதே வழியாகத்தான் திரும்புவோம், சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது பாதை இன்னும் மெதுவானது, இன்னும் வெறிச்சோடியது. சதுப்பு மரங்கள், இறால் குளங்கள், அப்புறம் உப்பளம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் போனால் உப்பை வாரிக் கூம்பு கூம்பாகக் குவித்திருப்பதைப் பார்க்கலாம், கண் கூசும்.

11:10-க்கு மேக்லாங். கடைசி நிமிடங்களில் பையனை ஜன்னலில் உட்காரவையுங்கள். வண்டி நடக்கும் வேகத்துக்குக் குறைந்து, ஒலி எழுப்பிக்கொண்டே சந்தைக்குள் நுழையும். கடைகளுக்கு மேலே இருக்கும் துணிப்பந்தல்கள் வரிசையாக மடங்கிக்கொண்டே வரும். இதனால்தான் இதற்கு 'தலாட் ரோம் ஹுப்' என்று பெயர், குடை மடக்கும் சந்தை. மிளகாய், மீன், இறைச்சித் தட்டுகள் சிலவற்றுக்கு அடியில் சின்னச் சக்கரம் இருக்கும், ஒரு தள்ளு தள்ளினால் பின்னுக்குப் போய்விடும். தரையோடு தரையாக வைத்த காய்கறிக் கூடைகளை எடுக்கவே மாட்டார்கள். ரயில் அதற்கு மேலேயே போகும், ஒரு தக்காளிகூட நசுங்காது.

ஆனால் உள்ளே இருந்து பார்ப்பதைவிட வெளியே நின்று பார்ப்பதுதான் பெரிது. நீங்கள் வந்த அதே வண்டி 11:30-க்குத் திரும்பிக் கிளம்பும். இறங்கியவுடன் தண்டவாளத்தில் நடந்து சந்தைக்குள் கொஞ்ச தூரம் போய், ஏதாவது கடையில் ஒரு பழச்சாறு வாங்கிக்கொண்டு, கடைக்காரர் காட்டும் இடத்தில் சுவரை ஒட்டி நில்லுங்கள். பையின் பட்டை, செல்ஃபி குச்சி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வண்டி மூக்குக்கு முன்னால் போகும். கடைசிப் பெட்டி தாண்டிய அந்தக் கணத்திலேயே பந்தல் விரிந்து, தட்டுகள் முன்னே வந்து, யாரோ கொத்தமல்லிக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.

அம்மா அப்பாவுக்கு முட்டி வலியோ, வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்போ என்றால் மேக்லாங்கை விட்டுவிட்டு தா சலோமோடு திரும்பிவிடுங்கள் என்றே சொல்வேன். அன்றைக்கு மகாச்சாயில் மதியச் சாப்பாடு, இரண்டு மணிக்குள் அறைக்கு வந்துவிடலாம். வெள்ளி முதல் ஞாயிறு வரைக்குள் போகிறீர்கள், எல்லாருக்கும் தெம்பு இருக்கிறது என்றால், மேக்லாங்கிலிருந்து பகிர்வு வேனில் அம்பாவா மிதக்கும் சந்தைக்குப் போகலாம். அது மதியத்துக்கு மேல் களைகட்டும், படகிலேயே இறாலும் கணவாயும் சுட்டுத் தருவார்கள். அப்படிப் போனால் திரும்பும்போது ரயிலை மறந்துவிட்டு மினி வேனில் பாங்காக் வந்துவிடுவதுதான் சரி. இல்லையென்றால் 3:30 வண்டியில் ஏறி, 4:30-க்கு பான் லேம், படகு, ஐந்து மணிக்கு மகாச்சாய் ஆற்றங்கரையில் நான் சொன்ன அந்தச் சாப்பாடு, அப்புறம் பாங்காக் வண்டி. இப்படிப் போனால் பாங்காக் வந்து சேரும்போது இருட்டிவிடும், இருட்டுவதற்குள் திரும்பியே ஆக வேண்டும் என்றால் தா சலோமோடு திரும்புவதுதான் வழி. உட்காருவதற்கு முன்னால் நிலையத்தில் அடுத்தடுத்த வண்டி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேக்லாங்கில் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, பிளா தூ. சின்ன வட்ட மூங்கில் தட்டில் இரண்டு மூன்று மீனாக அடுக்கி, அடுக்கடுக்காக விற்பார்கள். தட்டுக்குள் அடங்குவதற்காகத் தலையைக் கீழ்ப்பக்கம் மடக்கி ஒடித்திருப்பார்கள். ஒரு தடவை அதைச் செய்யும் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். குடலை எடுத்த மீனை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலைத் தலைக்குப் பின்னால் கொடுத்து ஒரே அழுத்து. 'டக்' என்று சின்னச் சத்தம், மீன் தலை குனிந்துவிடும். அப்படியே தட்டோடு கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இறக்குவார்கள். "நா ங்கோ, கோ ஹக்" என்பது மேக்லாங் பிளா தூவுக்கு ஊரே சொல்லும் அடையாளம்: முகம் மடங்கியது, கழுத்து ஒடிந்தது. அகலமான, குட்டையான, கொழுப்பேறிய மீன்தான் இந்த ஊர் மீன். வளைகுடாவில் பிடிப்பு ரொம்பக் குறைந்துவிட்டதால் வெளிநாட்டிலிருந்து உறைய வைத்து வருவதும் இதே தட்டில் விற்கிறது. ஒல்லியாக, நீளமாக இருந்தால் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். "பிளா தூ மேக்லாங்?" என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் எது எதுவென்று காட்டிவிடுவார்.

ஏற்கெனவே வெந்த மீன்தான், ஆனால் அப்படியே சாப்பிடுவதைவிட எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்தால்தான் ருசி. இங்கே அதை இறால் விழுதும் மிளகாயும் இடித்த 'நாம் பிரிக் கபி'யோடு, வேகவைத்த காய்களோடு சாப்பிடுவார்கள். நீங்கள் தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் இரண்டு தட்டு வாங்கிவந்து அம்மா கையில் கொடுங்கள். மேல் முதுகில் ஓடும் புள்ளி வரிசையையும் வாலையும் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள், இது நம்ம கானாங்கெளுத்தி மாதிரி இருக்கே என்று. ராஸ்ட்ரெல்லிஜர் என்ற ஒரே பேரினத்து மீன்கள்தான் இரண்டும். நம் கானாங்கெளுத்தியும் அங்கே உண்டு, அதை 'பிளா லங்' என்பார்கள்.